ஊற வைக்காத கல்

உக்காருங்க மாப்பிள்ளை. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு காலு நொண்டி. இதுல உக்காருங்க. மொதல்ல அந்த ஹெல்மெட்ட மாட்டிக்குங்க. சிரிக்காதீங்கலா, காய் நேரத்துல டுரியான் மரம் யாரு எவருன்னு பாத்துப் பழத்தப் போடாது. தர்ஷினி கழுத்துல தாலிக்கயிறு மஞ்சள் கூட இன்னும் வெளுக்கல. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா கோலாலம்பூர்ல உங்க அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?

அந்தக் கூடையத் தூக்காதீங்க. வச்சிடுங்க, நான் தூக்கிக்கறேன். முள்ளு கையில ஏறிடும்.

இப்ப கொட்டாய்க்குப் பின்னாலேர்ந்து ஒரு சத்தம் வந்துச்சே, "டேய் குணா, பாராங்க எங்கடா போட்ட, கழுதை"ன்னு, அது என் மாமனாரு. கத்தியக் காணோமாம். அது அவரு இடுப்புலதான் தொங்குது, கொஞ்ச நேரத்துல அவரே கண்டுபிடிச்சிடுவாரு. காது போயிடுச்சு மனுசனுக்கு, குரல் மட்டும் போகல. நீங்க தலையக் குனிஞ்சுக்கிட்டீங்க, நான் பாத்தேன். இந்த வயசுல, புது மாப்பிள்ளைக்கு எதிர்க்க, இப்படித் திட்டு வாங்கறாரேன்னு எனக்காக சங்கடப்பட்டீங்க. படாதீங்க. அந்தக் கழுதைங்கற வார்த்தைய வாங்கறதுக்கு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. சொல்றேன், கேளுங்க. பழம் விழற வரைக்கும் நமக்கு வேற என்ன வேல இருக்கு?

காலையில பசியாறும்போது நீங்க ஒண்ணு சொன்னீங்க பாருங்க, அதுலேர்ந்துதான் எனக்கு இது ஞாபகம் வந்துச்சு. ஓட்டிக்கிட்டு வந்த காடிக்குப் பின்னால மூட்டை கொண்டாந்திருக்கேன் மாமா, ஏதோ மினரல் கல்லு, மரத்தடியில போட்டா உரம் மண்ணுல நிக்கும், போனுல பாத்து வாங்கினேன்னு சொன்னீங்க. நான் உடனே என்ன சொன்னேன்? நீங்க சொன்னா சரிதாங்க மாப்பிள்ளைன்னு சொன்னேன். சொன்ன வாய் மூடறதுக்குள்ள உங்க அத்தை மேசைக்கடியில என் கால ஒரு மிதி மிதிச்சா. எதுக்கு மிதிச்சான்னு எனக்கு இன்னும் வெளங்கல. உங்களுக்கு மரியாதை குடுத்ததுல அவளுக்கு என்ன வந்துச்சு?

சரி, கதைக்கு வர்றேன்.

நான் இந்த சிகாமட்டுக்காரன் இல்ல. பேராக் பக்கம், கடலோரத்துல இறால் கொளத்துல சூப்பர்வைசரா இருந்தேன். சூப்பர்வைசர்னா பெருசா நெனச்சுக்காதீங்க. மொதலாளி, அந்தத் தவுக்கே, எங்கள மேய்ப்பாரு, நான் இறால மேய்ப்பேன். உங்க அத்தை சுகுணாவ எனக்குக் குடுத்ததே அந்த வேலைய நம்பித்தான். தர்ஷினி தவழ்ந்துக்கிட்டிருந்தா, அந்த வருஷம் இறாலுக்கு வெள்ளைப் புள்ளி நோயி வந்துச்சு. ஒரு கொளத்துல ஆரம்பிச்சு எல்லாக் கொளமும் போயிடுச்சு. தவுக்கே கேட்டப் பூட்டிட்டுக் கெளம்பிட்டாரு. நாங்க மூணு பேரும் பெட்டியத் தூக்கிக்கிட்டு இங்க மாமனார் வீட்டுக்கு வந்தோம், கொஞ்ச நாளைக்குன்னு. அந்தக் கொஞ்ச நாளு இன்னும் முடியல.

வந்தா, மரியாதைன்னா அப்படி ஒரு மரியாதை. மாமா அதுவரைக்கும் உக்காந்திருந்த சாய்வு நாற்காலி என்னுதாயிடுச்சு. மீன் கொழம்பு வச்சா தலை எனக்கு. நான் குளிச்சிட்டு வர்ற வரைக்கும் வீட்டுல யாரும் சோத்துல கை வைக்க மாட்டாங்க. மண்வெட்டியத் தொட்டேன்னா மாமா ஓடியாந்து என் கையிலேர்ந்து பூ மாதிரி வாங்கிடுவாரு, உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை, கை கொப்புளிச்சிடும்னு. அவரும் என் மாமியாரும் கருக்கல்ல தோட்டத்துக்குப் போயிடுவாங்க. நான் சாய்வு நாற்காலியில உக்காந்து கால ஆட்டிக்கிட்டிருப்பேன். ஆட்டி ஆட்டி அந்த நாற்காலி காலுதான் நொண்டியாச்சு. ஆமா, அதேதான். உங்கள உக்கார வேணாம்னேனே, அந்த நாற்காலிதான்.

இதுல எனக்கு என்ன கொறைன்னு கேக்கறீங்க. மாமா எல்லாரையும் திட்டுவாரு மாப்பிள்ளை. மாமியாரத் திட்டுவாரு, சுகுணாவத் திட்டுவாரு. நாயத் திட்டுவாரு. பழம் எடுக்க வர்ற சீனத் தவுக்கேய லோரிய விட்டு எறங்கறதுக்கு முன்னாடியே திட்டுவாரு. ரேடியோவுல பேசறவனக் கூட விடமாட்டாரு. தவழற புள்ள தர்ஷினி, அவளுக்கும் ஒரு பங்கு உண்டு. திட்டி முடிச்ச கையோட அவளத் தூக்கி மடியில வச்சுக்குவாரு. அந்த வீட்டுல திட்டு வாங்காத உசுரு நான் ஒருத்தன்தான். என்னப் பாத்தா மட்டும் தோள்ல கெடக்கற துண்ட எறக்கி, வாங்க, உக்காருங்க, சாப்ட்டீங்களா. விருந்தாளிக்காவது கெளம்பற நாளுன்னு ஒண்ணு இருக்கும். எனக்கு அதுவும் கெடையாது.

இருங்க, இந்தப் பழத்த ஒடைக்கறேன். நீங்க தொடாதீங்க. மொதல் சொளை உங்களுக்குத்தான்.

அப்பத்தான் விவசாய இலாகாலேர்ந்து ரஸாலின்னு ஒருத்தரு வந்தாரு. நல்ல மனுசன். கொட்டாய்ல உக்காந்து பால் ஊத்தாத தே ஓ குடிச்சுக்கிட்டே ஒரு பிடி மண்ண அள்ளிக் கையில தேச்சுப் பாத்தாரு. இது எரிமலை மண்ணுன்னாரு. இந்தக் குன்னு ஒரு காலத்துல, மனுசனே பொறக்காத காலத்துல, நெருப்பக் கக்கினதாம். அந்தக் கல்லெல்லாம் மழையில ஊறி நைஞ்சு இப்படிச் செவப்பு மண்ணாயிடுச்சாம். இத ஏன் சொன்னாருன்னு ஆயிடுச்சு. அன்னைலேர்ந்து என் மாமியாரு வெள்ளிக்கிழமையானா குன்னு ஓரத்துல எலுமிச்சம்பழம் அறுத்து வச்சு, அப்பனே, தூங்கறது தூங்கு, எழுந்திரிக்காதன்னு சூடம் காட்ட ஆரம்பிச்சிட்டாங்க.

ரஸாலி சொன்னது என்னன்னா, பாக்க இது அருமையான மண்ணு, பொலபொலன்னு இருக்கும், தண்ணி நிக்காது, டுரியானுக்கு அதுதான் வேணும். ஆனா உள்ள போற தண்ணி சும்மா போகாது, போட்ட உரத்தையும் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிடும். நீங்க மரத்துக்குன்னு போடறீங்க, பாதிய ஆறு குடிக்குதுன்னாரு. உரத்தப் புடிச்சு நிறுத்தறதுக்கு மண்ணுல ஏதாவது சேக்கணும், டோலமைட் சுண்ணாம்பு இருக்கு, கல் ஒடைக்கற எடத்துல கெடைக்கற கல் தூளு இருக்கு, ஜியோலைட் இருக்கு...

ஜியோலைட்ன்னாரா? நான் எழுந்திரிச்சிட்டேன் மாப்பிள்ளை.

உலகத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரே விசயம் ஜியோலைட்தான். இறால் கொளத்துல மூட்டை மூட்டையா கொட்டுவோம். வெள்ளைக் கல்லு, கைக்கு மாவு மாதிரி ஒட்டும். உள்ளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டையா இருக்கும். இறாலு போடற அசிங்கத்துல அமோனியா கெளம்பும் பாருங்க, அதப் பூராவும் இழுத்துத் தன் வயித்துல போட்டுக்கும். தண்ணி சுத்தமாயிடும். அந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து மொத தடவையா எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு ஒருத்தர் வாயில வந்திருக்கு. விடுவேனா? ரஸாலிய மேல பேசவே விடல. தெரியும் தெரியும், எனக்கு எல்லாம் தெரியும், நான் பாத்துக்கறேன்னு அவரு தோள்ல தட்டி மோட்டர்சைக்கிள்ல ஏத்தி அனுப்பிட்டேன். மனுசன் போற வழியில திரும்பித் திரும்பி என்னமோ சொல்லிக்கிட்டே போனாரு. நான் கையாட்டிக்கிட்டிருந்தேன்.

பழைய கூட்டாளி ஒருத்தன் மூலமா ஒரு லோரி ஜியோலைட் வந்து எறங்குச்சு. மாமாகிட்ட சொன்னேன், ஒவ்வொரு மரத்தச் சுத்தியும் ரெண்டு மூட்டை கொட்டணும்னு. அவ்வளவாங்க மாப்பிள்ளைன்னாரு. அவ்வளவுதான்னேன். இது உரத்தப் புடிச்சு வச்சுக்கும், அதனால இந்த வருஷம் பாதி உரம் போட்டாப் போதும்னேன். அவரு துண்ட எடுத்து மொகத்தத் தொடச்சாரு. மாமியாரப் பாத்தாரு. மாமியாரு வானத்தப் பாத்தாங்க. அப்புறம் சொன்னாரு, நீங்க சொன்னா சரிதாங்க மாப்பிள்ளை.

அந்த மூட்டையக் கூட என்னத் தூக்க விடல. யோசனை என்னுது, முதுகு அவருது. நான் மரத்தடியில நின்னு இங்க கொட்டுங்க, அங்க கொட்டுங்கன்னு கைய நீட்டிக்கிட்டிருந்தேன். தோட்டமே வெள்ள வெளேர்னு ஆயிடுச்சு. திருநீறு பூசின மாதிரி இருக்குன்னு எனக்கு ஒரே பெருமை. மிச்ச மூட்டைய ஸ்டோர்ல அடுக்கி வச்சோம். வச்சோம்னா, அவரு வச்சாரு.

அப்புறம் எல பழுக்க ஆரம்பிச்சுச்சு.

மொதல்ல ஓரத்துல, அப்புறம் முழு எலையும். பூ பூத்துச்சு, பூக்காம இல்ல. டுரியான் பூ கொட்டறது எப்பயும் உள்ளதுதான், ஆனா அந்த வருஷம் கூடவே பிஞ்சும் கொட்டுச்சு. காலையில போனா மரத்தடியில எடம் இல்லாமக் கெடக்கும். மாமா குனிஞ்சு ஒரு பிஞ்ச எடுத்து உள்ளங்கையில வச்சுப் பாத்துக்கிட்டே நின்னாரு. நான் பக்கத்துல நிக்கிறேன். இன்னைக்கு வாங்கப் போறோம்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அவரு அந்தப் பிஞ்ச மெதுவா கீழ வச்சிட்டு, "இந்த வருஷம் மழை சரியில்லைங்க மாப்பிள்ளை"ன்னாரு.

மழை நல்லாத்தான் பெஞ்சுச்சு. ஊருக்கே தெரியும். டீக்கடையில யாரோ மாமாகிட்ட கேட்டிருக்காங்க, என்ன அங்கப்பா, மாப்பிள்ளை வைத்தியத்துல தோட்டம் மஞ்சக் குளிச்சிருக்குதேன்னு. கேட்டவன அடிக்கப் போயிட்டாராம் மனுசன். அந்த வருஷம் பழத் தவுக்கே லோரி எங்க வாசல்ல நிக்காமப் போச்சு. நிக்காத லோரியத் திட்டறதுக்குக் கூட அவருக்கு வாய் வரல. அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுல என் தட்டுல பாத்தா மீன் தலை. எப்பயும் போல. அந்த மீனு என்னையே பாத்துக்கிட்டிருந்துச்சு. எனக்கு ஒரு வாய் எறங்கல மாப்பிள்ளை. என்ன கன்னத்துல ஒண்ணு வச்சிருந்தா நல்லா சாப்ட்டிருப்பேன். தன் புள்ள செஞ்சிருந்தா தோல உரிச்சிருப்பாரு. என்ன உரிக்கல. அப்படின்னா நான் யாரு அந்த வீட்டுல? அத நெனச்சுத்தான் எனக்கு அழுகை வந்துச்சு, மரத்த நெனச்சுக் கூட இல்ல.

சுகுணாகிட்ட சொன்னேன். அவ துணி மடிச்சுக்கிட்டே கேட்டா. உங்க அத்தைக்கு நாக்கு எப்படின்னு உங்களுக்குப் போகப் போகத் தெரியும். "அந்தக் கல்லும் நீங்களும் ஒண்ணுதான். வந்ததுலேர்ந்து தின்னுக்கிட்டு உக்காந்திருக்கீங்க, எப்பக் குடுப்பீங்கன்னுதான் தெரியல" அப்படின்னா. சொல்லிட்டு மடிச்ச துணிய எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

அந்தச் சொல்லு என்னத் தூங்க விடல. ஆனா பாருங்க, அந்தச் சொல்லுல ஒரு வெவரமும் இருந்துச்சு. விடிஞ்சதும் பஸ் புடிச்சு ரஸாலியத் தேடிப் போயிட்டேன்.

அவரு எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. "ஊற வச்சீங்களா?"

எத ஊற வைக்கறதுன்னேன். அவ்வளவுதான், மேசையப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு பாருங்க. கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவருக்கு. அன்னைக்கு மோட்டர்சைக்கிள்ல திரும்பித் திரும்பிச் சொன்னது அதுதானாம். அந்தக் கல்லு வெறும் வயித்தோட இருக்கும். அப்படியே மண்ணுல போட்டா, நீங்க போடற உரத்த மொதல்ல அது தின்னும், மிச்சம்தான் மரத்துக்கு. நானோ மலை மலையா கொட்டிட்டு, உரத்தையும் பாதியாக்கிட்டேன். மிச்சம் எங்கேர்ந்து வரும்? உரத் தண்ணியில ஊறப் போட்டு, அதுக்கு வயிறு நெறஞ்சப்புறம் மண்ணுல போடணும். அப்பத்தான் மழை வந்தாலும் விடாமப் புடிச்சு வச்சுக்கிட்டு, வேரு கேக்கக் கேக்கக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கும்.

எனக்கு ஏன் தோணல சொல்லுங்க? ஏன்னா நான் இறால்காரன். கொளத்துல அது திங்கணும், அதுக்குத்தான் போடறது. பசியோட இருக்கற கல்லுதான் நல்ல கல்லுன்னு வெல குடுத்து வாங்குவோம். மண்ணுல அது தின்னா மரம் எதத் திங்கும்னு இறால்காரனுக்கு எப்படித் தெரியும்? உலகத்துல தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, அதுவும் தலைகீழாத் தெரிஞ்சிருக்கு.

ரஸாலி ஆறுதலாத்தான் பேசினாரு. போட்டதத் தோண்டாதீங்க, டுரியான் வேரு மேலாகத்தான் ஓடும், அறுந்துடும். மேலேர்ந்து ஊட்டுங்க, மிச்ச மூட்டைய ஊற வச்சுப் போடுங்கன்னாரு. வீட்டுக்கு வந்தேன். நீலப் பீப்பாய ரெண்டா அறுத்துத் தொட்டியாக்கி வரிசையா வச்சேன். உரத்தக் கரைச்சு, பக்கத்து மலாய்க்காரங்க கம்போங்ல ஆட்டு மூத்திரம் வாங்கி ஊத்தி, கல்ல உள்ள போட்டுக் கட்டையால கிண்டினேன். மாமா ஓடியாந்தாரு, குடுங்க மாப்பிள்ளை, நான் கிண்டறேன்னு. கட்டைய நான் குடுக்கல. அவரு ஒரு முனையப் புடிச்சு இழுக்கறாரு, நான் ஒரு முனைய இழுக்கறேன். மாமியாரு வாசல்ல நின்னு, மாப்பிள்ளை மேல நாறுதேன்னு கையப் பெசையறாங்க. கடைசியில நான்தான் செயிச்சேன். ஆளு கொஞ்சம் குண்டு இல்லையா, நல்ல மீன் தலையா சாப்ட்டு வளந்தவன்.

நாலஞ்சு நாளு கழிச்சு ஒரு சாயங்காலம். தொட்டியெல்லாம் நல்லா ஊறிக்கிட்டு தெறந்து கெடக்கு. நான் நடுவுல இடுப்புல கை வச்சுக்கிட்டு, ஆகா, குணாளா, நீயும் ஒரு ஆளுதாண்டான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு நிக்கிறேன். மேக்கால கருத்துக்கிட்டு வந்தத நான் பாக்கல. எனக்கு மேகம் பாத்துப் பழக்கம் கெடையாது, கொளத்துல மழை பெஞ்சா என்ன, பெய்யாட்டி என்ன. மொத சொட்டு தலையில விழுது, நான் இன்னும் அழகு பாத்துக்கிட்டு நிக்கிறேன். அப்ப குன்னு மேலேர்ந்து ஒரு குரல் வந்துச்சு.

"டேய் குணா! மழைடா! மூடுடா தொட்டிய! வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறான் பாரு, மடையன்! எல்லாம் ஆத்துக்குப் போகப் போவுது, கழுதை, ஓடுடா!"

ஓடினேன் மாப்பிள்ளை. தகரத்த இழுத்துப் போட்டேன், தார்ப்பாயப் போட்டேன், மேல கல்ல வச்சேன். அவரு எறங்கி வந்து அந்தப் பக்கம் புடிக்கிறாரு, நான் இந்தப் பக்கம் புடிக்கிறேன். இழுடா இழுடாங்கறாரு. கொட்டற மழையில நான் சிரிக்கிறேனா அழறேனான்னு எனக்கே தெரியல. சந்தோசம்னா அப்படி ஒரு சந்தோசம். தர்ஷினி பொறந்தப்பக் கூட, அவகிட்ட சொல்லிடாதீங்க, அவ்வளவு சந்தோசம் இல்ல.

தொட்டியெல்லாம் மூடினப்புறம்தான் அவருக்கு என்ன சொன்னோம்னு ஒறைச்சிருக்கு. மாமியாரு வாயில கை வச்சுக்கிட்டு நிக்கிறாங்க, மாப்பிள்ளையப் போயின்னு. மனுசன் மொகம் செத்துப் போச்சு. ராத்திரி சாப்பிடவே வரல. நான் போனேன். இருட்டுல உக்காந்திருந்தவரு என்னப் பாத்ததும் எழுந்து துண்ட எறக்கினாரு. வாய் தவறிடுச்சுங்க மாப்பிள்ளை, மன்னிச்சுக்குங்கன்னு ஆரம்பிச்சாரு. மறுபடியும் அந்த நாற்காலிக்கே அனுப்பப் போறாருடான்னு தோணுச்சு. அவரு கையப் புடிச்சுக்கிட்டேன். "மாமா, கேட்டுக்கறேன். என்னத் திருப்பியும் மாப்பிள்ளையாக்கிடாதீங்க."

அவரு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு. "அப்படின்னா காலையில வெள்ளன எந்திரி"ன்னாரு.

அவ்வளவுதான். அன்னைலேர்ந்து மீன் தலை அவருக்கு, வாலு எனக்கு. அடுத்த காய்ப்பு சுமார்தான், கல்லு மெதுவாத்தான் குடுக்கும். அதுக்கடுத்த வருஷம் லோரி நின்னுச்சு. தவுக்கே எறங்கறதுக்கு முன்னாடியே மாமா திட்ட ஆரம்பிச்சிட்டாரு.

எதுக்குச் சொல்றேன்னா மாப்பிள்ளை, ஒரு மனுசன மரியாதை குடுத்துக் குடுத்தே தள்ளி வச்சிடலாம். அது எனக்கு நல்லாத் தெரியும். அதனால என் வீட்டுக்கு வர்ற புள்ளைய நான் அப்படியெல்லாம் நடத்த மாட்டேன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். அந்தத் தட்ட நீங்க எடுக்காதீங்க, நான் கழுவிக்கறேன். கையத் துணியில தொடைச்சிடாதீங்க, டுரியான் வாடை போகாது, நான் தண்ணி கொண்டாந்து ஊத்தறேன், நீங்க உக்காருங்க. எழுந்திரிக்காதீங்க. இன்னைக்கு ராத்திரி உங்க அத்தை செங்காரா மீனு கொழம்பு வைக்கறா, தலை உங்களுக்குத்தான்னு அப்பயே சொல்லி வச்சிட்டேன். அதுக்கும் மொறைச்சா. அவளுக்கு இன்னைக்கு என்னமோ ஆயிடுச்சு.

இருங்க, பைப்பத் தெறந்துட்டு வந்துடறேன். ரெண்டே நிமிசம்.

மாப்பிள்ளை? எங்க போயிட்டீங்க? ஹெல்மெட்டு இங்க இருக்கு, ஆளக் காணோமே. காடி கதவு தெறந்து கெடக்கு. மூட்டையும் இல்ல. சுகுணா, மாப்பிள்ளையப் பாத்தியா? பெரிய மரத்துக்கிட்டயா? அங்க என்ன...

டேய்! டேய், நில்லுடா! கொட்டாதடா அத! ஊற வச்சியாடா? காய் தொங்கற மரம்டா அது, வெறும் கல்லக் கொண்டுபோயி மலை மாதிரி கொட்டறான் பாரு, மடையன்! இவ்வளவு நேரமா நான் யாருகிட்ட பேசிக்கிட்டிருந்தேன்? தலையில ஹெல்மெட்டு எங்கடா, கழுதை?

சுகுணா, நீ ஏன் சிரிக்கிற? மாமா, ஒண்ணும் இல்ல மாமா, நான்தான் கத்தினேன், நீங்க உக்காருங்க.

மாப்பிள்ளை, அது வந்து... வாய் தவறி...

என்னடா சிரிக்கிற? மூட்டையத் தூக்கு. தொட்டி ஸ்டோர்ல இருக்கு.